முளை

டண்டி நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன்.
இரண்டு வாரம் விடுப்பு.
ரோமானியப் படை ஒரே ஒரு கோடையில்
வந்து நின்றுவிட்டுப் போன
அறுத்த பார்லி வயலொன்றில்
சம்பளமில்லாமல் மண் சுரண்டுகிறேன்.

தங்கல் வயலோரப் புல்லில்.
எனக்கு வாய்த்த கூடாரம் ஆரஞ்சு நிறம்,
ஜிப் பாதியிலேயே நின்றுவிடும்.
மழை நாலு மணிக்கு வரும், ஐந்துக்கு ஓயும்,
ஆறுக்கு மறுபடி வந்து
எதையோ வைத்துவிட்டுப் போனவனைப் போலத் தேடும்.
கழிப்பறை ஒரு நீலப் பெட்டி.
காற்றடித்தால் உள்ளிருப்பவரோடு சேர்ந்து நடுங்கும்.

சமையல் முறைவைத்து.
அபர்டீனில் வெல்டரான யாரோமிர்
ஒரு வாளி நிறைய பீட்ரூட் சூப் வைப்பான்.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஃபார்குவர்
தன் பழைய கருவிகளையே கொண்டுவந்திருந்தார்.
"இந்த நோயாளி கத்துவதில்லை" என்பார்
மண்ணைக் கிள்ளியபடி.
நாலாம் நாள் அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
ஐந்தாம் நாள் மறுபடி சிரித்தோம்.

என் சதுரத்தில் எதுவுமில்லை.
பக்கத்துச் சதுரத்தில் ரொட்டி அடுப்பு,
சிவக்க வெந்த மண், ஒரு கைப்பிடிக் கரி.
அதற்கும் அடுத்ததில்
படைவீரனின் செருப்பாணி பதினொன்று.
எனக்குக் கல். கல். ஒரு மண்புழு.
கல்.

"ஒன்றுமில்லை என்பதையும் எழுதவேண்டும்"
என்றாள் மேற்பார்வை பார்க்கும் இஷ்பெல்.
எழுதினேன்.
மண்: பழுப்பு. ஈரம்: உண்டு. கிடைத்தவை: இல்லை.
ராத்திரி கடைசி நடையை
ஆளில்லாமல் ஓட்டி முடித்துக்
கணக்கு ஒப்படைப்பதுபோல.

ஒன்பதாம் நாள், வெயில் சாய்ந்த நேரம்,
தண்ணீர் தெளித்த மண்ணில்
ஒரு கறை.
கட்டைவிரல் அகலம். கறுப்பு.
டீயைக் கொட்டிவிட்டேனோ என்று
கோப்பையைப் பார்த்தேன்.
இஷ்பெல் மண்டியிட்டாள்,
வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்தாள்.
பாதியாய் வெட்டினோம்.
கறை சாய்வாக இறங்கியது,
என்றைக்கோ இழுத்துக் கட்டிய கயிற்றுக்கு
எதிர்ப்பக்கமாக.

கூடார முளை.
மரம் மக்கிப்போய்விட்டது.
மரம் நின்ற இடத்தை மட்டும்
மண் விட்டுக்கொடுக்கவில்லை.
யாரோமிர் பையை விரித்து நீட்டினான்.
எதைப் போடுவது?

எட்டுப் பேர் படுத்த தோல் கூடாரமாம்.
ஒருத்தன் குறட்டை விட்டிருப்பான்.
ஒருத்தன் இதே கொசுறுப் பூச்சிகளைத்
தன் ஊர்ப் பேச்சில் வைதிருப்பான்.
விடியலில் முளை பிடுங்கும் முறை வந்தவன்
எண்ணிப் பார்க்கச் சோம்பியிருக்கிறான்.
அவனைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.
எங்கள் டிப்போவில்
அவனைப் போல் நாலு பேர் இருக்கிறார்கள்.

கடைசி நாள் குழிகளை மூடினோம்.
மூடுமுன் அடியில்
இந்த ஆண்டைப் பொறித்த நாணயம் ஒன்றை வைத்தாள் இஷ்பெல்,
இனி தோண்ட வருகிறவருக்கு
ஏற்கெனவே தோண்டியாயிற்று என்று சொல்ல.
நிலத்துக்காரர் டால்ரிம்பிள்
டிராக்டரை அணைக்காமல் வேலியருகே நின்றார்.
அடுத்த வாரம் விதைப்பு.
"முடிந்ததா?" என்றார் மூன்று தடவை.

என் கூடாரத்தை அவிழ்த்தேன்.
அடியில் வெளுத்த புல், ஒரு செவ்வகம்.
மழை குடித்த மண் இறுகப் பிடித்திருந்தது.
எட்டு முளையில் ஏழு வந்தது.
எட்டாவதை எங்கே அடித்தேன் என்று
புல்லைக் காலால் கிளறினேன்.
யாரோமிர் ஹாரன் அடித்தான்.
மழையும் திரும்பி வந்துவிட்டது,
இம்முறை என்னோடு சேர்ந்து தேட.

விட்டுவிட்டு வந்தேன்.
அலுமினியம்தான், மக்காது.
யாராவது ஒருநாள்
பையில் போடுவார்கள்.